டோவைத் தட்டிப் பாக்காதீங்க, சோலைத் திருப்பிப் பாருங்க: மூணு வகை சேஃப்டி ஷூ, ஒரு ஒப்பீடு

பாரிமுனைல சேஃப்டி சாமான் விக்கிற கடை எதுல போய் நின்னாலும் இதைப் பாக்கலாம். ஷூ வாங்க வர்றவரு முதல்ல அதைக் கைல எடுத்து முன்பக்கத்துல விரல் முட்டியால டொக்கு டொக்குனு தட்டுவாரு, சத்தம் கேட்டதும் "இரும்பு இருக்குப்பா"ன்னு கூட வந்தவர்கிட்ட சொல்லிட்டு நேரா விலை பேச ஆரம்பிச்சிடுவாரு. நானும் ரொம்ப வருஷம் இப்படித்தான் வாங்கினேன். அம்பத்தூர்ல ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்ல பதினாறு வருஷமா ஃபிட்டர், எத்தனை ஜோடி தேய்ச்சேன்னு கணக்கே இல்ல, ஆனா டோ கேப், அதான் முன்பக்கத்துல விரலைக் காக்குற அந்த இரும்பு மூடி, அது கெட்டுப்போய் ஒரு ஜோடியைக் கூட நான் தூக்கிப் போட்டதில்ல. எல்லாமே சோல்ல செத்தது, இல்லன்னா சோலும் லெதரும் சேர்ற இடத்துல வாயைப் பொளந்து செத்தது.

அதனால டோ கதையை சீக்கிரம் முடிச்சிடுறேன். ஐஎஸ்ஐ முத்திரையோட ஐஎஸ் 15298 (வேலை ஷூவுக்கான இந்தியத் தர விதி) பாகம் 2ன்னு போட்டிருந்தா, அந்த டோ 200 ஜூல் அடி தாங்கணும், அதாவது 20 கிலோ இரும்பை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துலேருந்து போட்டாலும் உள்ள விரலுக்கு இடம் மிச்சம் இருக்கணும். அதோட ஒன்றரை டன் அளவுக்கு அழுத்தினாலும் தாங்கணும். இந்தக் கணக்கு 500 ரூபா ஷூவுக்கும் 5000 ரூபா ஷூவுக்கும் ஒண்ணுதான். கடைக்காரர் "இது பாகம் 3, அதுவும் ஐஎஸ்ஐதான் சார்"னு நீட்டினா அது பாதி, 100 ஜூல்தான். பாகம் 4ன்னா டோவே கிடையாது. முத்திரைக்குக் கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கும், அதை ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கற பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டா யாரோடதுன்னு காட்டும். கடைல நின்னுக்கிட்டே பாத்துடலாம், ரெண்டு நிமிஷ வேலை.

எங்க ஷெட்ல ஒருத்தர் கால்ல 75 சேனல், அதாவது 75 மில்லிமீட்டர் இரும்புச் சட்டம், விழுந்துச்சு, மீட்டருக்கு ஏழு கிலோன்னு வச்சுக்குங்க, மூணு மீட்டர் துண்டு, ட்ரெஸ்டில்னு சொல்ற இரும்பு ஸ்டாண்டு மேலேருந்து. டெஸ்ட்ல போடுற எடைக்கு ஏறக்குறைய அதேதான். மனுஷனுக்கு ஒண்ணும் ஆகல, ஷூ மேல ஒரு கீறல், அவ்வளவுதான். அவரு அதையே மறுநாளும் போட்டுக்கிட்டு வந்தாரு. இன்சோலை எடுத்துட்டு உள்ள விரலை விட்டுப் பாக்கச் சொன்னேன், மேல்பக்கம் நல்லா கீழ இறங்கியிருந்துச்சு, நகம் உரசுற அளவுக்கு. ஒரு தடவை வாங்கின அடியோட அந்த டோ வேலை முடிஞ்சுபோச்சு, வெளிய எவ்வளவு புதுசா இருந்தாலும் சரி. அடி பட்டா இரும்பு மடங்கி விரலை வெட்டிடும்னு ஒரு பயம் எல்லா ஷெட்லயும் சுத்திக்கிட்டு இருக்கு. அந்த அளவுக்கு டோவையே மடக்குற எடை வெறும் விரல் மேல விழுந்திருந்தா என்ன மிஞ்சியிருக்கும்னு யோசிச்சுப் பாத்துட்டு அந்தப் பேச்சை விட்டுருங்க.

இப்ப சோலுக்கு வருவோம். நம்ம மார்க்கெட்ல ஆயிரம் மாடல் இருக்கற மாதிரி தெரியும், பேட்டா, லிபர்ட்டி, கரம், ஹில்சன், ஆலன் கூப்பர்னு பேரும் நிறைய, ஆனா கீழ திருப்பிப் பாத்தா பெரும்பாலும் மூணே ஜாதிதான். பிவிசி சோல், டபுள் டென்சிட்டி பியூ (பாலியூரித்தேன்) சோல், ரப்பர் சோல். ஒரே கம்பெனியே மூணையும் போடும், அதனால பிராண்டை வச்சுப் பேசுறதுல எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்ல.

பிவிசிதான் மலிவு. நான் கடைசியா வாங்கினது 450 ரூபா. கான்ட்ராக்ட் ஆளுங்க கால்ல பெரும்பாலும் இதுதான் இருக்கும். கனம். வீட்டுத் தராசுல வச்சுப் பாத்தேன், எட்டாம் நம்பர் ஒத்தை ஷூ 720 கிராம், அதே சைஸ் பியூ 590. நூத்திமுப்பது கிராம்தானேன்னு தோணும், சாயங்காலம் நாலு மணிக்கு ஏணி ஏறும்போது அது என்னன்னு தெரியும். குஷன்னு ஒண்ணும் கிடையாது, காங்கிரீட் தளத்துல பத்து மணி நேரம் நின்னா குதிகால் வலி முட்டி வரைக்கும் ஏறும், ஈரத்துலயும் எண்ணெய்லயும் வழுக்கவும் செய்யும். ஆனா எல்லாரும் இதைத் திட்டுறதால ஒண்ணு சொல்லியே ஆகணும், பிவிசி தானா உதிராது. ரெண்டு வருஷம் டிக்கில கெடந்தாலும் எடுத்து மாட்டினா அப்படியே இருக்கும். மாசத்துக்கு ரெண்டு நாள் சைட்டுக்குப் போற இன்ஜினியர், வீடு கட்டுறப்ப வந்து பாக்குற ஓனர், இவங்களுக்கெல்லாம் இதுவே போதும், சொல்லப்போனா இதுதான் சரி.

அது ஏன்னு பியூவைப் பத்திச் சொன்னாதான் புரியும். டபுள் டென்சிட்டின்னா மேல மெத்துன்னு ஒரு அடுக்கு, கீழ கெட்டியா ஒரு அடுக்கு, ரெண்டுமே பாலியூரித்தேன். பெரும்பாலும் ரெண்டு கலர்ல இருக்கும், சைடுல பாத்தாலே தெரியும். சோலை நேரா ஷூ மேலயே வார்த்து ஒட்டுறாங்க, அதனால பசை விட்டுப்போற பிரச்சனை கம்மி. லேசு, நடக்க சுகம், எண்ணெய்க்கும் தாங்கும், 900லேருந்து 1500க்குள்ள நல்லதே கிடைக்குது. அசெம்பிளி லைன், குடோன், மெஷின் ஷாப், எங்க வேணா போடலாம்.

ஆனா பியூவுக்கு ஒரு வியாதி உண்டு. காத்துல இருக்கற ஈரம் அதை உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுக்கிட்டே இருக்கும், போட்டாலும் சரி போடலன்னாலும் சரி. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல இன்னும் வேகமா. நான் ஒரு தடவை ஆஃபர்ல ரெண்டு ஜோடி எடுத்து ஒண்ணை அட்டைப்பெட்டியோட பரண்ல வச்சேன், கம்பெனி பேரு வேணாம், இது எந்தக் கம்பெனி பியூவுக்கும் வரக்கூடியதுதான். எடுத்து மாட்டின முதல் நாள், டீ டைமுக்குள்ள நான் நடந்த வழியெல்லாம் கறுப்பு கறுப்பா ஏதோ கெடக்கு, ரஸ்க் ஒடைஞ்ச மாதிரி. எலி எதையாவது கடிச்சுப் போட்டிருக்கும்னு பாத்தா என் சோல்தான். மத்தியானம் குதிகால் பக்கம் மொத்தமா கழண்டு விழுந்துடுச்சு, மேல லெதர் பளபளன்னு, ஒரு சுருக்கம் கூட இல்லாம அப்படியே இருக்கு.

அன்னிக்குத்தான் சோலைத் திருப்பிப் பாக்கக் கத்துக்கிட்டேன். அடில, பாதத்தோட வளைவு இருக்கற இடத்துல, பத்து காசு அளவுக்குச் சின்னதா ஒரு வட்டம் இருக்கும், கடிகாரம் மாதிரி சுத்தி 1லேருந்து 12 வரைக்கும் நம்பர், நடுவுல ஒரு அம்புக்குறி, அம்புக்கு ரெண்டு பக்கமும் வருஷத்தோட கடைசி ரெண்டு எண். அம்பு காட்டுறதுதான் ஷூ செஞ்ச மாசம். சில ஷூல வட்டம் இருக்காது, நாக்குல தச்ச லேபிள்ல மாசமும் வருஷமும் இருக்கும். ஆறு மாசத்துக்குள்ள செஞ்சதுன்னா தாராளமா எடுங்க, ஒரு வருஷம்னா யோசிங்க, ரெண்டு வருஷம் தாண்டின பியூவை பாதி விலைக்குக் குடுத்தாலும் வேணாம். ஆன்லைன்ல அறுபது பர்சன்ட் தள்ளுபடின்னு வர்றதுல எத்தனை இந்த மாதிரி கெடங்குல தூங்கினதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதனால பெட்டி வந்ததும் முதல் வேலையா வட்டத்தைப் பாருங்க, பழசா இருந்தா டேக்கைக் கழட்டாம திருப்பி அனுப்பிடுங்க.

மூணாவது ரப்பர், அதுலயும் நைட்ரைல் ரப்பர். இது விலை கூட, 1500ல ஆரம்பிக்கும். நம்மள மாதிரி வெல்டிங், கேஸ் கட்டிங் பக்கம் இருக்கறவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன். பியூ 130 டிகிரி பக்கத்துலயே திணற ஆரம்பிச்சிடும், இப்பதான் வெட்டின பிளேட் துண்டு மேல தெரியாம காலை வச்சா ஜவ்வு மாதிரி இழுத்துக்கிட்டு வரும், நாத்தம் வேற. எச்ஆர்ஓன்னு, அதாவது சூடு தாங்குற சோல்னு, எழுத்து போட்ட ரப்பர் சோல் 300 டிகிரி சூட்டுல ஒரு நிமிஷம் வச்சு டெஸ்ட் பண்ணது. லேத் மெஷின்ல சீவி விழற இரும்புச் சுருள் குத்தி ஏறுறதும் இதுல கம்மி, பியூல ஏறின சுருளை நோஸ் ப்ளையர் வச்சு ஒண்ணு ஒண்ணாப் புடுங்கணும், வாராவாரம் ஒரு வேலை. ஆனா கடைக்காரர் சொல்லாத ஒண்ணு, நிறைய ரப்பர் மாடல்ல தரைல படுற அடுக்குதான் ரப்பர், நடுவுல இருக்கற மெத்து அதே பியூதான். அதனால அந்த வட்டக் கணக்கு இதுக்கும் பொருந்தும்.

சரி, காசுக் கணக்கு. எனக்கு பிவிசி அஞ்சு மாசம் வந்துச்சு, 450 ரூபா, மாசம் 90. பியூ 1150 குடுத்தேன், பதினாலு மாசம், மாசம் 82. ரப்பர் 1900, இருபத்திரெண்டு மாசம் ஓடுச்சு, மாசம் 86. நான் ரப்பர்தான் ஜெயிக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் நோட்டுல எழுதி வச்சேன், பாத்தா மூணும் டீக்காசு வித்தியாசத்துல நிக்குது. விலை கூடினா கடைசில லாபம்னு சொல்றாங்களே, என் கால்ல அப்படி ஒண்ணும் நடக்கல. ஒரே நேரத்துல 1900 எடுத்து வைக்க முடியாதவன் 450க்கு வாங்குறான்னா அவன் ஒண்ணும் ஏமாளி இல்ல. வித்தியாசம் முட்டில, முதுகுல, சூடான பிளேட் மேல, எண்ணெய் கொட்டின தரைல தெரியுது, பர்ஸ்ல இல்ல. உங்க தளம் எப்படின்னு பாத்து எடுங்க.

சென்ட்ரிங், கம்பி கட்டுற வேலைன்னா இந்த மூணையும் தாண்டி ஒண்ணு வேணும். போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணான், "அண்ணே, சைட்ல வேலை, எது வாங்கறது"ன்னு. பலகைல இருந்து பிரிச்சுப் போட்ட ஆணி மல்லாக்க கெடக்கும், அதுல மிதிச்சா ஸ்டீல் டோ எதுக்கு ஆகும்? அடில தகடு வச்ச ஷூ வேணும், எஸ்1பின்னு போட்டிருக்கும், அந்த பிதான் ஆணிக்கு. சேறு, தண்ணின்னா எஸ்3. தகடு இருக்கறதால கொஞ்சம் விறைப்பா இருக்கும், ஒரு வாரத்துல பழகிடும். அவனை இருநூறு ரூபா கூடக் குடுத்து எஸ்1பி எடுக்க வச்சேன், டோ அவனுக்கு ரெண்டாம்பட்சம்தான்.

கம்பாசிட் டோன்னு ஒண்ணு வந்திருக்கு, இரும்பு இல்லாம ஃபைபர்ல செய்யறது. லேசு, கேட்ல மெட்டல் டிடெக்டர் கத்தாது, வெயில்ல சூடு ஏறாது, அதே 200 ஜூல் டெஸ்ட்தான். விலை கூட, அதே பலத்துக்குத் தடிமன் வேணும்ங்கறதால மூக்கு கொஞ்சம் உப்பலா இருக்கும். ஏர்போர்ட் வேலை, செக்யூரிட்டி கேட் இருக்கற கம்பெனின்னா எடுங்க. ஷெட்டுக்கு இரும்பே போதும்.

எலக்ட்ரீஷியன் யாராவது இதைப் படிச்சா ஒண்ணு, ஆன்டிஸ்டேடிக்னு போட்டிருக்கறது ஷாக் அடிக்காதுன்னு அர்த்தம் இல்ல. அது உடம்புல சேர்ற சார்ஜை தரைக்கு எறக்குறதுக்கு, அதாவது கொஞ்சம் கரண்ட் போகணும்னே செஞ்சது. உங்களுக்கு இன்சுலேஷன் ஷூ தனியா கேட்டு வாங்கணும்.

லெதர்ல ஒரே சோதனைதான் நான் பண்றது. டோவுக்குப் பின்னாடி, கால் மடங்குற இடத்துல கட்டை விரலால அமுக்கி மடிச்சுப் பாருங்க. நல்ல எருமைத்தோலா இருந்தா மெல்லிசா சுருங்கி, விட்டதும் திரும்பிடும். தோலோட அடிப்பக்கத்தைப் பிரிச்சு மேல பிளாஸ்டிக் பூச்சு அடிச்சதா இருந்தா மடிப்புல நேர்கோடா ஒரு வரி விழும், மூணாவது மாசம் வெடிக்கப்போறது அந்தக் கோட்டுலதான். ரெண்டையுமே கடைல "பஃப் லெதர் சார்"னுதான் சொல்லுவாங்க. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் இவ்வளவு பக்கத்துல இருக்கற ஊர்ல உக்காந்துக்கிட்டு நமக்குத் தோல் பாக்கத் தெரியலன்னா எப்படி.

சைஸு சாயங்காலம் போய்ப் பாருங்க, வேலைக்குப் போடுற அதே தடி சாக்ஸோட. சாதா ஷூ டைட்டா இருந்தா போடப் போட விரியும், இரும்பு விரியாது. நின்னுக்கிட்டு காலை முன்னாடி தள்ளினா பின்னாடி ஒரு விரல் போகணும், மாடிப்படி இறங்கிப் பாத்தா கட்டை விரல் முன்னாடி இடிக்கக் கூடாது. எனக்கு ஒரு தடவை அரை சைஸ் சின்னதா எடுத்து ரெண்டு கட்டை விரல் நகமும் கறுத்துப் போச்சு, புதுசு முளைக்க வருஷம் ஆச்சு.

மழைல நனைஞ்சா வெயில்ல வைக்காதீங்க, பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு ஃபேனுக்குக் கீழ விடுங்க. கிரைண்டிங் பக்கம் வேலைன்னா கணுக்கால் மூடுற உயரம் எடுத்து பேன்ட்டை மேல விடுங்க, உள்ள செருகினீங்கன்னா பொறி நேரா சாக்ஸுக்குள்ளதான் போகும். வாங்கும்போதே லேஸ் கூட ரெண்டு ஜோடி கேட்டு வாங்கி வச்சுக்குங்க, ஷூல முதல்ல பொறி பட்டு அறுபடுறது அதுதான்.