நியூட் குஞ்சுகளுக்கு ஒயின் பெட்டி வீடு: இரண்டு வருட அனுபவம்

சுங்கை சிப்புட்டில் மதியம் 33 டிகிரி. சீனத்து நெருப்பு வயிற்று நியூட்டுக்கோ 18 முதல் 22 வரைதான் சுகம். 25-ஐத் தாண்டினால் தவிக்க ஆரம்பித்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமலே நண்பர் வீட்டில் முட்டையிலிருந்து பொரிந்த ஏழு குஞ்சுகளை வாங்கி வந்துவிட்டேன். பார்க்கப் பல்லி, ஆனால் தவளைக்குத்தான் சொந்தம்.

பெரியவை தண்ணீரில் வாழ்பவை என்பதால் மீன் தொட்டி போதும் என்று நினைத்தேன். நல்லவேளை, நண்பர் தடுத்தார். செவுள் மறைந்து கரையேறிய குஞ்சு ஓரிரு வருடம் நிலத்தில்தான் இருக்கும். ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகக்கூடும்.

முதலில் மீன்காரரிடம் வாங்கிய வெள்ளைப் பெட்டியில் ஐஸ் போத்தல் வைத்துப் பார்த்தேன். காலையில் 19, வேலை முடிந்து வந்தால் 27. இரண்டு குஞ்சுகள் போய்விட்டன. அப்புறம்தான் ஈப்போவில் 180 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய ஒயின் பெட்டி கிடைத்தது, ஒயின் போத்தல்களைக் குளிர வைக்கும் பெட்டி. கம்ப்ரசர் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். அது இல்லாத சின்ன வகை நம் ஊர் வெக்கையில் திணறும். பெட்டியை இறக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன், “என்ன தம்பி, எப்போதிருந்து இந்தப் பழக்கம்?” என்றார்.

18-இல் வைத்தால் உள்ளே 19, 20 நிற்கிறது. அதற்குள் மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். தரைக்குப் பிழிந்த ஈரக் கிச்சன் பேப்பர், ஒரு மூலையில் பாசி, ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த சிரட்டை, விரல் நகம் முழுகாத ஆழத்தில் தண்ணீர் ஊற்றிய சின்ன மூடி. தேங்காய் நார்த்தூள் அழகுதான், ஆனால் தீனியோடு வாயில் ஒட்டுகிறது. பேப்பர் என்றால் எச்சம் தெரியும், மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் முடிந்தது. செம்பனைத் தோட்டத்துச் சருகைப் போட நான் துணியவில்லை. அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள்.

டப்பா மூடி விஷயத்தில் அசட்டை வேண்டாம். ஈர வயிற்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நேராக ஏறும். ஒரு இரவு மூடி சரியாக அழுந்தவில்லை. மறுவாரம் அலமாரிக்கு அடியில் பெருக்கும்போது காய்ந்த கறிவேப்பிலை மாதிரி ஒன்று வந்தது. வயிற்றில் மட்டும் ஆரஞ்சு நிறம் மிச்சமிருந்தது. இப்போது மூடிக்கு மேல் ரப்பர் வளையம், காற்றுக்குச் சுட்ட ஊசியால் குத்திய துளைகள்.

குறை இல்லாமல் இல்லை. ஒயின் பெட்டிக்குள் காற்று தேங்கும், அதனால் தினமும் கதவைத் திறந்து விசிறுகிறேன். அடியில் தண்ணீர் கோக்கும். மின்சாரம் போனால் பழைய ஐஸ் போத்தல்தான் கதி. தொட்டால் கை கழுவ வேண்டும். ஈக்கான் புந்தால் என்கிறோமே, அந்தப் பேத்தை மீனின் நஞ்சுதான் இதன் தோலிலும்.

மீதம் நான்கு. பழ ஈயும் நறுக்கிய மண்புழுவும் தின்று விரல் நீளத்துக்கு வந்துவிட்டன. அதில் பெரியது போன மாதத்திலிருந்து இரவெல்லாம் தண்ணீர் மூடியிலேயே கிடக்கிறது. கொஞ்சம் ஆழமான தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.