கியோத்தோ இலையுதிர்காலச் சுற்றுலா: சுங்கை சிப்புட் குழுவோடு போகலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பயண முகவர் ஒருவர் நடத்தும் இந்த ஜப்பான் சுற்றுலாவில் தேதித் தேர்வுக்கே முதல் மதிப்பெண். கியோத்தோவில் மேப்பிள் நன்றாகச் சிவப்பது நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரைதான். மலிவென்று அக்டோபரில் போகிறவர்கள் பச்சை இலையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

வழிகாட்டி தமிழில் விளக்குகிறார், விஷயம் தெரிந்தவர். கியோத்தோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டத்தில் வெள்ளைச் சரளை மேல் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும். இடம் மாறி மாறி எண்ணச் சொல்லிவிட்டு அவர் வாயை மூடிக்கொள்வது நல்ல உத்தி. கனசாவா நகரின் கென்ரோக்குஎன் தோட்டத்தில் பைன் மரத்தை ஒட்டி நட்ட கம்பத்தின் உச்சியிலிருந்து குடைக்கம்பிபோலக் கயிறுகள் இறங்கி, கிளை கிளையாகத் தாங்குகின்றன. ஈரப்பனி கனத்துக் கிளை ஒடியாமலிருக்க நவம்பர் 1 முதல் கட்டத் தொடங்குவார்கள்.

சொதப்பல் நேரத்தில்தான். கியோத்தோவின் தோஃபுகுஜி கோயிலுக்குக் காலை தாமதமாகப் போனால் மேப்பிள் பார்க்கும் பாலத்தில் நெரிசல், திறக்கும்போதே நுழையவேண்டும். பல கோயில்கள் மாலை ஐந்துக்குள் மூடிவிடும். மதியச் சாப்பாட்டை இழுத்தால் கடைசிக் கோயில் போச்சு.

கார்த்திகை விரதக்காரர்கள் கவனிக்க: காய்கறி சூப்பிலும் உடோன் நூடுல்ஸிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். கோயில் உணவான ஷோஜின் ரியோரியை முன்பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். அதில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. கயிறு கட்டும் சப்பாத்து வேண்டாம், கோயிலுக்குக் கோயில் கழற்றவேண்டும். தடித்த காலுறை கட்டாயம். மரத்தரையின் குளிர் அப்படி.