ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் இருப்பது யார் மொபைல் நம்பர்?

புது ஸ்மார்ட் கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்லி 3,500 ரூபாய் வாங்கி, எட்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் பழைய அட்டையில் இருந்த பேரும் இல்லாமல் ஒரு குடும்பத்தை நிறுத்திய கதை இது. கணவன், மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. இருவருக்கும் கூலி வேலை. ஏமாற்றியவர் தாலுகா ஆபீஸ் அருகில் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் வைத்திருந்தவர். ஊரும் பேரும் இங்கே தேவையில்லை. என்ன செய்தார், எந்த இடத்தில் பிடித்திருக்கலாம் என்பதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டில் புது குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்க அரசுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. டிஎன்பிடிஎஸ் என்ற தமிழ்நாடு பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் கையிலிருக்கும் போனிலேயே விண்ணப்பம் போட்டுவிடலாம். இ-சேவை மையத்துக்குப் போனால் சேவைக் கட்டணம் வாங்குவார்கள், அதற்கு ரசீது தருவார்கள். "ஆபீஸ் செலவு", "ஆய்வுக்கு வர்றவங்க செலவு", "மேலே குடுக்கணும்" என்று ரசீதில்லாமல் கேட்கும் எதுவும் அரசுக்குப் போகாது.

அந்தக் கடையில் முதல் தப்பு ஒரு சின்னக் கட்டத்தில் நடந்தது. விண்ணப்பத்தில் பேர், முகவரி, தாலுகா, கிராமம், பின்கோடு எல்லாம் நிரப்பியபின் மொபைல் எண் என்று ஒரு கட்டம் வரும். அந்த இடத்தில் அவர் சொன்னது: "அக்கா, ஓடிபி வர்ற நேரம் நீங்க வேலையில இருப்பீங்க. என் நம்பரையே போட்டுடறேன், உங்களுக்கு அலைச்சல் மிச்சம்." கேட்க நல்ல மனசுக்காரர் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த நம்பர்தான் அட்டையின் சாவி. இணையதளத்தில் பயனாளர் நுழைவுக்குப் போக பாஸ்வேர்டு கிடையாது; பதிவான நம்பருக்கு வரும் ஓடிபி மட்டும்தான். பேர் சேர்ப்பது, நீக்குவது, முகவரி மாற்றுவது எல்லாம் அந்த வழியாகத்தான். ரேஷன் கடையில் பில் போட்டால் எஸ்எம்எஸ் போவதும் அந்த நம்பருக்கே. தாலுகா ஆபீஸிலிருந்து "வீட்டைப் பார்க்க வரணும், எங்கே இருக்கீங்க?" என்று கூப்பிட்டால் மணி அடிப்பதும் அந்த போனில்தான்.

இந்தக் குடும்பத்தில் அதுவேதான் நடந்தது. ஆய்வுக்கு வந்தவர் அழைத்தபோது புரோக்கர் எடுக்கவில்லை. வீடு பகலில் பூட்டியிருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அது நிராகரிக்கப்பட்டு ஐந்து மாதம் கழித்தும் "ஃபைல் மூவ் ஆகுது" என்று சொல்லி இன்னொரு 2,000 வாங்கியிருக்கிறார். முதலில் வாங்கியது 1,500.

விண்ணப்பம் சமர்ப்பித்தவுடன் திரையில் ஒரு குறிப்பு எண் வரும். அதை எழுதிக்கொள்ளாமல் கடையை விட்டு வெளியே வரவே கூடாது. இணையதளத்தின் முகப்பிலேயே விண்ணப்ப நிலை பார்க்கும் இடம் இருக்கிறது. அங்கே அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஏற்றார்களா, நிராகரித்தார்களா என்று தெரிந்துவிடும். "அதெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு" என்று சொல்கிறவரிடம் வேறு எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது தப்புதான் பெரிய அடி. ஒரு ஆதார் எண் ஒரே ஒரு அட்டையில்தான் இருக்க முடியும். கணவன் பேர் அவர் அப்பா அட்டையில், மனைவி பேர் பிறந்த வீட்டு அட்டையில். இரண்டையும் நீக்கினால்தான் புது விண்ணப்பத்தில் சேர்க்க முடியும். புரோக்கர் இரு வீட்டுப் பெரியவர்களையும் போனில் அழைத்து, வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கி நீக்கிவிட்டார். நீக்கியது தப்பில்லை, அது விதி. ஆனால் புது விண்ணப்பத்தை அரைகுறையாகப் போட்டதால், பழைய அட்டையிலும் இல்லை, புது அட்டையும் இல்லை என்று குடும்பம் நடுவில் நின்றது. அதனால் முகவரிச் சான்று முதல் எல்லாத் தாளும் கைக்கு வரும்வரை பேரை நீக்க விடாதீர்கள். நீக்கியதும் அதற்கான சான்றைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கோ மறுநாளோ புது விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

முகவரிச் சான்று என்று சொன்னேன் அல்லவா, நிராகரிப்பு அதிகம் நடப்பதும் அதில்தான். மின்கட்டண ரசீது, எரிவாயு ரசீது, சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வங்கி பாஸ்புக்கின் முன்பக்கம், வாக்காளர் அட்டை என்று பல வகை ஏற்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரர் பேரிலுள்ள கரண்ட் பில்லை மட்டும் ஏற்றினால், "இவருக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. உங்கள் பேர் இருக்கும் தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதை வையுங்கள். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு விண்ணப்பிப்பது தொல்லையில்லாதது. போனில் படம் எடுத்து ஏற்றும்போது நான்கு மூலையும் தெரியணும், எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும். நிழல் விழுந்த, பாதி வெட்டுப்பட்ட படத்தை அங்கே யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்பா அம்மா வீட்டின் மாடியிலோ பக்கத்து அறையிலோ இருந்துகொண்டு தனி அட்டை கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது அடுப்பு. தனிக் குடும்பம் என்பதற்கு அடையாளமாக ஆய்வில் பார்ப்பது தனிச் சமையலைத்தான். தனி அடுப்பு, பாத்திரம், முடிந்தால் உங்கள் பேரில் ஒரு கேஸ் இணைப்பு. சாப்பாடு கீழே, படுக்கை மேலே என்றால் அட்டை கிடைப்பது கஷ்டம். இதற்கும் "நான் பேசி முடிச்சிடறேன்" என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேசி முடிக்க அதில் ஒன்றும் இல்லை.

அட்டை வகை இன்னொரு பொறி. விண்ணப்பத்தில் அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பண்டகமில்லா அட்டை என்று தேர்வு இருக்கும். "பண்டகமில்லாதது போட்டா சீக்கிரம் வந்துடும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அட்டைக்குக் கடையில் ஒரு மணி அரிசி கிடையாது. பின்னால் அரிசி அட்டையாக மாற்றுவது நினைத்த மாதிரி லேசும் இல்லை. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: மொபைல் எண், அட்டை வகை, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை.

அட்டையில் அச்சாகும் குறியீட்டை வைத்தும் ஒரு வியாபாரம் ஓடுகிறது. பிஹெச்ஹெச் என்றால் முன்னுரிமைக் குடும்பம், பிஹெச்ஹெச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா, என்பிஹெச்ஹெச் என்றால் முன்னுரிமையற்றது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தபோது வந்த பிரிவு இது. அந்தியோதயாவுக்கு மாதம் 35 கிலோ அரிசி என்பதால் "5,000 குடுங்க, ஏஏஒய் போட்டுத் தர்றேன்" என்கிறார்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் அப்படித் தேர்வு செய்ய ஒரு கட்டமே கிடையாது. அதைத் தீர்மானிப்பது துறை. ஆதரவற்ற விதவை, கடும் வறுமையில் இருப்பவர் போன்றோர் தாலுகா வழங்கல் அலுவலரிடம் நேரில் மனு கொடுத்துக் கேட்கலாம். அதற்கும் காசு கிடையாது. என்பிஹெச்ஹெச் என்று வந்துவிட்டதே என்று பதறவும் வேண்டாம். 2011 ஜூனிலிருந்து அந்த அட்டைக்கும் அரிசி விலையில்லாமல்தான் கிடைக்கிறது. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதும் எல்லா அரிசி அட்டைக்கும் ஒன்றுதான்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து கிளம்பிய ஏமாற்று, "குடும்பத் தலைவர் மாற்றம்". அட்டையில் கணவர் படம் இருந்தால் 1,000 ரூபாய் வராது, தலைவியாக மாற்ற 800 ரூபாய் என்று வாங்குகிறார்கள். அந்தத் திட்டத்தின் விதிப்படி அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவருடைய மனைவியே குடும்பத் தலைவியாகக் கணக்கில் எடுக்கப்படுவார். அதற்காகப் படத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அட்டை கைக்கு வந்தபிறகும் நம்பர் விவகாரம் தொடரும். வேறொருவர் நம்பர் அட்டையில் இருந்தால், நீங்கள் வாங்காத பருப்புக்கும் எண்ணெய்க்கும் பில் விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் நம்பர் இருந்தால், கடையை விட்டு இறங்குவதற்குள் எஸ்எம்எஸ் வந்துவிடும். பையில் இருப்பதோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் சேல்ஸ்மேனிடம் அங்கேயே கேட்கலாம்.

கேஒய்சி பேரிலும் ஒரு கும்பல் திரிகிறது. ரேஷன் கடைக்கான கேஒய்சி என்பது அட்டையில் உள்ளவர் நீங்கள்தான் என்று உறுதிசெய்ய, கடையிலுள்ள மிஷினில் கைவிரல் வைப்பது. அது இலவசம். வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் நேரடியாக ஒரு ஆப்பை ஏற்றும் ஃபைல்) அனுப்பி "இதை இன்ஸ்டால் பண்ணலைனா கார்டு ரத்து" என்று யாராவது சொன்னால் அவர்கள் குறி உங்கள் வங்கிக் கணக்கு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். இந்தப் பயத்தில் சிலர் ஆதாரில் கைரேகையை லாக் செய்துவிட்டு, அடுத்த மாதம் ரேஷன் கடையில் "ரேகை விழலை" என்று திரும்பி வருகிறார்கள். லாக் செய்திருந்தால் கடைக்குப் போகுமுன் திறந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது நம்பரை மாற்றுவது. தாலுகா வழங்கல் அலுவலகத்துக்கு அசல் ஆதாரோடு போனால் செய்து தருவார்கள். சென்னையில் இருப்பவர்கள் மண்டல உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் இன்னும் வசதி, கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள்தான் நஷ்டம். பேர் சேர்த்தல், நீக்கல், நம்பர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அங்கே மனு வாங்குகிறார்கள். மேலே சொன்ன குடும்பம் அந்த முகாமில்தான் மூவர் பேரையும் கணவனின் அப்பா அட்டையில் சேர்த்தது. பொருள் நிற்காமல் இருக்க அது தற்காலிக வழி.

புகாருக்கு 1967 அல்லது 1800 425 5901. இரண்டும் கட்டணமில்லாதவை. அங்கே கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அசைவில்லை என்றால் அந்த எண்ணோடு மாவட்ட வழங்கல் அலுவலரையோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலோ பாருங்கள். காசு கேட்டது புரோக்கர் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் மோசடிப் புகார். கேட்டது அலுவலகத்தில் இருப்பவர் என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறை. பணம் ஜிபே வழியாகப் போயிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும், "அடுத்த வாரம் வந்துடும்" என்று அவர் அனுப்பிய மெசேஜ்களும் ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்திருங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கும் உங்கள் ஆதார் நகலை எப்படியும் திரும்ப வாங்க முடியாது. இனிமேல் கொடுக்கும் ஜெராக்ஸின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.