ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமரா: 17,500 ரூபாய் போன கதை

கேமராவை ஃபுல் ஸ்பெக்ட்ரமாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, புற ஊதா ஒளியிலும் படம் எடுக்கிற மாதிரி மாற்றித் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம், 17,500 ரூபாயும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மிரர்லெஸ் கேமராவும் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று, அதனால் பெயர் போடவில்லை. ஆனால் நாகர்கோவிலிலேயே இன்னும் இரண்டு பேர் அவருக்குக் கேமரா அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன்.

எனக்குத் தக்கலையில் கல்யாணப் படம் எடுக்கிற தொழில். மற்ற நேரத்தில் பூதக்கண்ணாடியையும் பிவிசி குழாயையும் வைத்து நானே லென்ஸ் செய்து படம் எடுப்பேன். 10 டயாப்டர் திறன் உள்ள கண்ணாடி ஒன்று போதும், 100 மி.மீ. லென்ஸ் ஆகிவிடும். குழாய்க்குள் கறுப்புத் தாள், பின்னால் துளை போட்ட பாடி கேப் (லென்ஸ் மாட்டும் வாயை மூடுகிற மூடி), அவ்வளவுதான். அதில் அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிற 720 நானோமீட்டர் ஃபில்டரை மாட்டி அகச்சிவப்பில் எடுத்தால் குலசேகரம் ரப்பர் தோட்டம் பனி பெய்தது மாதிரி வெள்ளையாக நிற்கும். பச்சையம் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. இலைக்குள் இருக்கும் செல்கள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆர்.டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் 1910-லேயே இப்படிப் படங்கள் எடுத்து வெளியிட்டார்.

சாதாரணக் கேமராவில் இதற்குப் பல வினாடி எக்ஸ்போஷர் வேண்டும். படத்தைப் பதிவுசெய்கிற சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கிற கண்ணாடி ஒன்று ஒட்டியிருப்பதே காரணம். ஆரல்வாய்மொழிக் காற்றில் எந்த இலை பல வினாடி அசையாமல் நிற்கும்? அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, எல்லா ஒளியையும் விடுகிற வேறொரு கண்ணாடியைப் பொருத்துவதுதான் ஃபுல் ஸ்பெக்ட்ரம். அதோடு புற ஊதாப் படம் எடுக்க ஒரு ஃபில்டரும், புற ஊதாவைத் தடுக்காத 'குவார்ட்ஸ்' லென்ஸ் ஒன்றும் தருவதாகச் சொன்னார். மொத்தத்தையும் சேர்த்துத்தான் அந்த 17,500.

கேமரா ஐந்து வாரம் கழித்து வந்தது. முதல் வேலையாக மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போய், கேமராவோடு வந்த கிட் லென்ஸை மாட்டித் தூரத்துத் தூண்களைப் பார்த்தேன். எவ்வளவு திருகினாலும் ஃபோகஸ் பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கிற கைப்பிடிச் சுவர் மட்டும் தெளிவாக இருந்தது. போன் செய்தேன். "சார், இது கனவு மாதிரி வர்ற படம். சாஃப்டாத்தான் இருக்கும்" என்றார்.

இந்தப் பதிலில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் தருகிற மென்மைக்கும் ஃபோகஸ் தவறுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நடுவில் விழும் கதிர்களும் ஓரத்தில் விழும் கதிர்களும் ஒரே இடத்தில் சேராததால் வருவதுதான் மென்மை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: விளிம்புகளைச் சுற்றிய மங்கல் ஒளிவட்டத்துக்கு உள்ளே மெல்லிய, கூரான கோடு ஒன்று இருக்கும். கறுப்பு அட்டையில் சின்னத் துளை போட்டு லென்ஸ் முன்னால் வைத்தால் ஒளிவட்டம் அடங்கி அந்தக் கோடு மேலே வரும். ஃபோகஸ் தவறிய படத்தில் அந்தக் கோடே கிடையாது. என் படங்களில் இல்லை.

விஷயம் இதுதான்: பழைய கண்ணாடியை எடுத்தவர், அதற்குப் பதில் எதையும் வைக்கவில்லை. கண்ணாடி இருந்தால், அதன் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குப் பிம்பம் பின்னால் தள்ளி விழும். அது போனதும் தூரத்துக் காட்சி சென்சாருக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. நான் செய்த லென்ஸில் குழாயை உள்ளே தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். கம்பெனி லென்ஸில் முடியாது. அப்புறம், நம் ஊர் உப்புக்காற்றில் சென்சார் இப்படித் திறந்து கிடப்பதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. சங்குத்துறை கடற்கரையில் ஒரே ஒரு சாயங்காலம் எடுத்த படங்களில், சென்சாரில் அழுக்கு படிந்ததால் வந்த பதினோரு புள்ளிகள் எண்ணினேன்.

அடுத்தது புற ஊதா. வீட்டுத் தொட்டியில் சூரியகாந்தி ஒன்று பூத்திருந்தது. நம் கண்ணுக்கு இதழ் முழுக்க ஒரே மஞ்சள். புற ஊதாவில் இதழின் அடிப்பாகம் கறுத்து, நுனி மட்டும் வெளுத்து, நடுவில் பெரிய கரிய வளையமாகத் தெரிய வேண்டும். தேனீக்கு அது தெரியும். அந்த வளையத்தைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். அவர் கொடுத்த கருநீல ஃபில்டரை மாட்டி எடுத்தேன். வளையம் வரவில்லை, இதழ் முழுக்க ஒரே வெள்ளை. அதன் கீழே இருந்த இலையும் வெள்ளை!

புற ஊதாவில் இலை இருட்டாகத்தான் வரும். வெள்ளையாக வந்தால் அது அகச்சிவப்பு. இந்த மாதிரிக் கண்ணாடிகளில் பல, புற ஊதாவை விடுவதோடு கொஞ்சம் அகச்சிவப்பையும் கசியவிடும். சென்சாருக்குப் புற ஊதாவைவிட அகச்சிவப்பில்தான் உணர்திறன் அதிகம் என்பதால் அந்தக் கசிவே படத்தை நிரப்பிவிடும். அதைத் தடுக்க இன்னொரு நீலப்பச்சைக் கண்ணாடியும் சேர்க்க வேண்டும். சந்தேகம் தீர, என் 720 ஃபில்டரை அதன் மேலேயே மாட்டினேன். ஒன்று விடுவதை மற்றது தடுக்க வேண்டும், படம் கறுப்பாக வர வேண்டும். ஆனால் சூரியகாந்தி படத்தில் அழகாக விழுந்தது.

மூன்றாவது அந்த 'குவார்ட்ஸ்' லென்ஸ். வடசேரியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். விரலால் தட்டிப் பார்த்தார். கடை விளக்கை அணைத்துவிட்டு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை ஐநூறு ரூபாய் நோட்டில் அடித்தார். எண்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. குறுக்கே என் லென்ஸைப் பிடித்தார். எண்கள் அணைந்தன. சாதாரணப் பூதக்கண்ணாடி ஒன்றைப் பிடித்தார். மறுபடி ஒளிர்ந்தன. "மக்களே, இது குவார்ட்ஸும் இல்ல, கண்ணாடியும் இல்ல. வெறும் பிளாஸ்டிக்கு" என்றார். புற ஊதாவை அடைக்கிற பொருளைப் புற ஊதா லென்ஸ் என்று விற்றிருக்கிறார்கள்.

கேமரா அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், எந்தக் கண்ணாடி, எத்தனை மி.மீ. கனம் என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் காட்டும் புற ஊதா மாதிரிப் படத்தில் இலை எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடையில் 'யூவி ஃபில்டர்' என்று விற்பது புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடி. அதைத் தலையில் கட்டவும் ஆள் உண்டு. பணம் மிச்சம் என்று வீட்டிலேயே பாக்கெட் கேமராவைத் திறந்துவிடாதீர்கள். ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். இன்னொன்று: கன்னியாகுமரியில் சூரிய உதயம் எடுக்கும்போது 720 ஃபில்டரைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்க்காதீர்கள். இருட்டாகத் தெரிவதால் கண்மணி விரிந்திருக்கும். அகச்சிவப்பு அப்படியே உள்ளே போகும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், பார்சலைப் பிரிக்கும்போது, சீல் உடைப்பதில் தொடங்கி சென்சார் தெரிகிற வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை. உள்ளே கண்ணாடி வைத்துத்தான் அனுப்பியதாகவும், நானே கழற்றியிருப்பேன் என்றும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.