ஒத்த வரி கடி விமர்சனம்: லெட்டர்பாக்ஸ்டா, ஐஎம்டிபியா?

1948ல 'இஸின்ட் இட் ரொமான்டிக்?'னு ஒரு படம். அதுக்கு அமெரிக்க விமர்சகர் லியோனார்ட் மால்ட்டின் எழுதின விமர்சனம் ஒரே வார்த்தைதான், "இல்லை". படத்தோட பேரே கேள்வி, மனுஷன் பதில் சொல்லிட்டு போயிட்டே இருந்துட்டாரு. இதே மாதிரி ஒண்ண இன்னிக்கு நம்ம போட்டா எங்க நிக்கும்?

லெட்டர்பாக்ஸ்ட்ல கண்ண மூடிட்டு போடலாம். 2011ல நியூசிலாந்துல ஆரம்பிச்ச, பாத்த படத்துக்கு நம்மளே விமர்சனம் போடுற சைட், இவ்ளோ நீளம் எழுதியே ஆகணும்னு கணக்கே கிடையாது, அதனாலயே அங்க ராத்திரி முழுக்க உக்காந்து உருகி உருகி எழுதினவர் கீழ எங்கயோ கிடப்பாரு, கடி போட்டவர் லைக்க அள்ளிட்டு மேல உக்காந்திருப்பாரு. கொஞ்சம் அநியாயந்தான்.

படங்களோட விவரம், ரேட்டிங் எல்லாம் கிடைக்கிற ஐஎம்டிபி சைட் அப்படியே மாமியார் வீடு. குறைஞ்சது 600 எழுத்து இல்லன்னா உள்ளயே விடாது, அதுக்கப்புறமும் சரிபார்த்துட்டுதான் வெளிய விடுவாங்க. ஆனா ஒரு சந்து இருக்கு, தலைப்புக்குன்னு தனி கட்டம். 'கொசுவத்தி'னு ஒரு படம் வருதுன்னு வைங்க, தலைப்புல "ரெண்டரை மணி நேரமும் ஒரே சுத்து"னு போட்டுட்டு, கீழ எத்தன ஃபிளாஷ்பேக், எந்த சீன்ல தூக்கம் வந்துச்சுன்னு நிஜமாவே எழுதிடணும். "சூப்பர் சூப்பர்"னு காப்பி பேஸ்ட் பண்ணி ரொப்புனா அது விமர்சனமே இல்ல.

என் ஓட்டு லெட்டர்பாக்ஸ்ட்டுக்குத்தான். கடிய விளக்கி 600 எழுத்து எழுதினா அது கடியா, பரீட்சையா?