தென்கடல்ல அடில கண்ணாடி வச்ச போட்டுல ஏறி கலர் மீன் பாத்தோம் – காசுக்கு ஒர்த்தா?

முழுசா படிக்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது, அதனால முடிவ மொதல்லயே சொல்லிடுறேன். தண்ணி தெளிஞ்சு கிடக்குற நாளா பாத்து, காலைல மொத ட்ரிப்ல, அனுபவசாலி ஓட்டுற போட்டுல ஏறுனீங்கன்னா குடுத்த காசுக்கு மேலயே கிடைக்கும். இந்த மூணுல ஒண்ணு தப்புனாலும் போச்சு, பச்சை தண்ணியையும் கீறல் விழுந்த கண்ணாடியையும் முக்கா மணி நேரம் குனிஞ்சு பாத்துட்டு கழுத்து வலியோட வீடு வந்து சேர வேண்டியதுதான்.

எந்த ஊரு கரை, யாரு நடத்துறாங்கன்னு பேரு போட மாட்டேன், ஏன்னா கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன், நாலஞ்சு குடும்பம் அத நம்பி பொழைக்குது. ராமநாதபுரம் மாவட்டத்துல தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடா பக்கம் ஓடுற ஒரு சின்ன சர்வீஸ்னு மட்டும் வச்சுக்கங்க. இந்த கரையில கண்ணாடி போட்டு இப்ப பல எடத்துல ஓடுது, எங்க போனாலும் இதுல சொல்ற விஷயம் முக்காவாசி பொருந்தும்.

சென்னைல இருந்து சித்தப்பா மகளும் அவ பையனும் லீவுக்கு வந்திருந்தாங்க, பையன் இரண்டாங்கிளாஸ், ராமேஸ்வரம் கோயில் தீர்த்தம், தனுஷ்கோடி எல்லாம் முடிச்சாச்சு, "மாமா நீமோ (கார்ட்டூன் படத்துல வர்ற ஆரஞ்சு கலர் கோமாளி மீன்) பாக்கணும்"னு ஒரே பிடிவாதம். அதுக்காகத்தான் போனது.

மொதல்ல கண்ணாடிய பத்தி பேசிருவோம். போட்டு நடுவுல தொட்டி மாதிரி கட்டி அடில தடிச்ச கண்ணாடி போட்டிருக்காங்க, சுத்தி பெஞ்சு. வெயில் ஏறுச்சுன்னா மேல இருக்குற வெளிச்சம் அந்த கண்ணாடில பட்டு நம்ம மூஞ்சிதான் நமக்கு தெரியுது, மீன் தெரியல. இதுக்கு ஒரு சிம்பிள் வழி இருக்கு, ஒரு பெரிய துண்டோ சேலையோ எடுத்துட்டு போய் தலைக்கு மேல போத்திக்கிட்டு எட்டிப் பாருங்க, அடுத்த நிமிஷமே கீழ எல்லாம் பளிச்சுனு தெரியும். எங்க தங்கச்சி துப்பட்டாவ போத்தி பாத்தோம், பக்கத்துல இருந்த மதுரை பார்ட்டி சிரிச்சாங்க, அஞ்சு நிமிஷத்துல அவங்களும் துண்டை எடுத்துட்டாங்க. ஆளுக்கு ஒரு கருப்பு துணி குடுக்க எவ்வளவு செலவாகிடும், போட்டு நடத்துறவங்களுக்கு ஏன் தோணலைன்னு தெரியல. கண்ணாடி வெளிப்பக்கம் பாசியும் பிடிச்சிருந்துச்சு, கரைல வச்சு தேய்ச்சு கழுவுனா தீர்ற விஷயம் அது. இன்னொண்ணு, தண்ணிக்குள்ள இருக்குறது எல்லாம் நிஜ ஆழத்துல முக்கால்வாசிலதான் இருக்குற மாதிரி கண்ணுக்கு தெரியும், அதனால கை விட்டா தொட்டுடலாம் போல இருக்கேன்னு பையன் குனிஞ்சுக்கிட்டே இருந்தான், சின்ன புள்ளைங்க கூட போறவங்க லைஃப் ஜாக்கெட் பெல்ட்ட நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாத்துருங்க.

இப்ப மெயின் மேட்டர். மீன்.

கரைல இருந்து கிளம்பி கொஞ்ச தூரத்துலயே பாரு வந்துருச்சு. பவளப்பாறைய இங்க கடல்காரங்க "பாரு"ன்னுதான் சொல்லுவாங்க. டிவில பாக்குற மாதிரி ரோஸ், ஊதான்னு பவளம் ஜொலிக்கும்னு நெனச்சு போகாதீங்க, நம்ம கடல்ல பவளம் பெரும்பாலும் காப்பிப்பொடி கலர், பாசிப்பச்சை, கொஞ்சம் மஞ்சள். அதுதான் நல்ல ஆரோக்கியமான கலர், ஏன்னா பவளத்துக்குள்ள குடியிருக்குற நுண்பாசியோட நிறம் அது, அந்த பாசிதான் வெயில வச்சு சமைச்சு பவளத்துக்கு சோறு போடுது. வெள்ளவெளேர்னு இருந்தா அழகுன்னு போட்டோ எடுக்காதீங்க, அது சூடு தாங்காம பாசிய வெளிய துப்பிட்டு பட்டினி கிடக்குற பவளம். 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடால அப்படி நெறைய வெளுத்துச்சு, ஏப்ரல் மே ஜூன்ல தண்ணி சூடாகுறப்பதான் இந்த வேலை நடக்கும். எங்களுக்கு போட்டு ஓட்டுன பெரியவர் ஒரு எடத்த காட்டி "இது அப்ப செத்தது தம்பி, மேல பாசி மூடிருச்சு, பக்கத்துல பாருங்க புதுசா மான்கொம்பு பவளம் முளைக்குது"ன்னாரு. நான் பாத்த வரைக்கும் டிக்கெட் காசு அந்த ஒரு வரிக்கே சரியா போச்சு.

பவளம் டல்லா இருக்குறதாலதான் மீன் கலர் தூக்கலா தெரியுதுன்னு எனக்கு தோணுது. மொதல்ல கூட்டமா வந்தது முதுகு மஞ்சளா, ஒடம்புல அஞ்சு கருப்பு பட்டை போட்ட சின்ன மீன், பாரு மேல எங்க பாத்தாலும் அதுதான். போட்டுல இருந்த கைடு பையன் அதையே "நீமோ நீமோ"ன்னு கத்துறான். தம்பி, அது நீமோ இல்ல. கோமாளி மீன் அதோட தூரத்து சொந்தம் வேணா சொல்லலாம். சொல்லப்போனா கார்ட்டூன்ல வர்ற அந்த ஆரஞ்சு கலர் ஜாதி மன்னார் வளைகுடாவுல இல்லவே இல்ல, நம்ம நாட்டுல அத இயற்கையா பாக்கணும்னா அந்தமான் போகணும். இங்க இருக்குற கோமாளி மீன் கருப்பும் காப்பியும் கலந்த ஒடம்பு, ரெண்டு வெள்ளை பட்டை, மஞ்சள் வாலு. அதுவும் பாரு மேல சுத்தாது, மணல் தரைல கம்பளம் விரிச்ச மாதிரி கிடக்குற கடல் சாமந்திக்குள்ளதான் (பூ மாதிரி இருக்கும், ஆனா அது ஒரு கடல் உயிரினம்) குடித்தனம். பெரியவர்ட்ட கேட்டதும் போட்ட கொஞ்சம் மணல் பக்கம் திருப்பி எஞ்சின ஆஃப் பண்ணிட்டு அப்படியே மிதக்க விட்டாரு, ரெண்டு மீன் அந்த சாமந்திக்குள்ள போறதும் வர்றதுமா இருந்துச்சு. பெருசா இருக்குறது பொம்பள, சின்னது ஆம்பள, பெருசு செத்துப்போனா சின்னதே பொம்பளையா மாறிடும். இத நான் தங்கச்சிகிட்ட சொன்னப்ப பின் சீட்டு மதுரை அக்கா "அப்ப வீட்டு வேலை யாரு பாப்பா"ன்னு கேட்டாங்க. ஆம்பளைதாங்க, முட்டைக்கு காவல் இருந்து துடுப்பால விசிறி விடுறது பெரும்பாலும் அவருதான்.

பையனுக்கு மட்டும் ஆரஞ்சு இல்லையேன்னு கொஞ்சம் மூஞ்சி சுருங்கிருச்சு. இந்த மாதிரி புள்ளைங்களுக்கு ஒரு வழி இருக்கு, மண்டபம் கேம்ப்ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, அங்க அக்வேரியம் இருக்கு, கோமாளி மீன குஞ்சு பொரிக்க வைக்கிற வேலையும் அங்க பண்றாங்க. கடல்ல பிடிக்காம தொட்டிலயே பெருக்குற மீன்ங்கிறதால வீட்ல மீன் வளக்கிற ஆளுங்களும் கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய எடம்.

வண்ணத்துப்பூச்சி மீன் ஜோடி ஜோடியா வந்துச்சு, தட்டு மாதிரி சப்பையா, மஞ்சள் ஒடம்பு, கண்ணு மேல ஒரு கருப்பு பட்டை. கண்ணு எதுன்னு எதிரிக்கு தெரியக்கூடாதுன்னுதான் அந்த பட்டை, சில ஜாதில வாலு பக்கம் பொய்க்கண்ணு ஒண்ணு வேற வரைஞ்சு வச்சிருக்கும், கடிக்க வர்றவன் தலைன்னு நெனச்சு வால கவ்வுவான், இது முன்னாடி பக்கம் எஸ்கேப். இதுல நெறைய ஜாதி பவளத்தையே கொத்தி தின்னு வாழுறது, அதனால இது நெறைய தெரிஞ்சா அங்க பவளம் உசுரோட இருக்குன்னு எடுத்துக்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது கிளிமீன்தான். மார்க்கெட்ல ஐஸ் மேல படுத்து கிடக்குறத பாத்திருக்கேன், ஆனா தண்ணிக்குள்ள அந்த பச்சையும் நீலமும் வேற லெவல். பல்லு எல்லாம் ஒட்டி கிளி மூக்காவே இருக்கும், பாறைய கடிச்சு சுரண்டுற சத்தம் தண்ணிக்குள்ள தலைய விட்டா நெசமாவே கேக்கும், கறுக் கறுக்னு. பாறையோட சேத்து பாசிய தின்னுட்டு பாறைய மணலா வெளிய விடும். பெரிய ஜாதி கிளிமீன் ஒண்ணே வருஷத்துக்கு நூத்துக்கணக்கான கிலோ மணல் போடும்னா பாத்துக்கங்க, தீவு ஓரத்து வெள்ளை மணல்ல ஒரு பங்கு இதோட பின்பக்கத்துல இருந்து வந்ததுதான். தங்கச்சி உடனே கால்ல ஒட்டியிருந்த மணல தட்டி விட்டா.

பெரியவர் மீனுக்கு மீன் பேரு சொல்லிட்டே வந்தாரு பாருங்க, இந்த சர்வீஸ்ல உண்மையான சொத்து அவருதான். கூட்டமா பாசி மேயுதே அது ஓரா, முதுகு முள்ளு குத்துனா ராத்திரி பூரா கடுக்கும், சுடுதண்ணில கைய வைக்கணும். மீசைய வச்சு மணல கிளறுதே அது நவரை. கல்லுக்கு அடில வாய தொறந்து தொறந்து மூடுது பாரு அஞ்சாலை, கிட்ட போகாத. அந்த குண்டன் பேத்தை. கிளாத்தி, களவா, விளமீன்னு வரிசையா. நம்ம வீட்டு சட்டில வர்ற பாதி மீனுக்கு சொந்த வீடு இந்த பாருதான்னு எனக்கு அன்னைக்குத்தான் கண்ணால தெரிஞ்சுது. கைடு பையன் மனப்பாடம் பண்ணி வச்சிருந்ததுல "21 தீவு, 1986ல தேசிய பூங்கா, 1989ல உயிர்க்கோளக் காப்பகம்" எல்லாம் கரெக்ட்தான், தப்பு சொல்ல முடியாது, ஆனா 21ல ரெண்டு தீவு இப்ப தண்ணிக்குள்ள போயிருச்சுங்கிறத சொல்லல. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும். ஒரு காலத்துல சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்த வெட்டி வெட்டி எடுத்தது அதுக்கு ஒரு முக்கிய காரணம். தனுஷ்கோடில இடிஞ்சு நிக்கிற சர்ச்ச கிட்ட போய் பாருங்க, செவுரு பூரா பவளக்கல்லு.

குறைக்கு வரேன். மொத குறை, மீனுக்கு தீனி போடுறது. மீன் மேல வரட்டும்னு கைடு பையன் ஒரு பாக்கெட் பிஸ்கட்ட ஒடச்சு தண்ணில கொட்டுறான், பட்டை மீன் கூட்டம் மொய்க்குது, எல்லாரும் வீடியோ எடுக்குறாங்க. பாசி மேய வேண்டிய மீன பிஸ்கட்டுக்கு பழக்கிட்டா பாருல பாசிய யாரு மேயறது? பெரியவருக்கும் அது பிடிக்கல, மூஞ்சில தெரிஞ்சுது, ஆனா முதலாளி ஏற்பாடு போல, பேசாம இருந்தாரு. ரெண்டாவது, பக்கத்துல நின்ன இன்னொரு போட்டு நங்கூரத்த நேரா பாரு மேலயே போட்டாங்க. உருண்டை பவளம் வருஷத்துக்கு ஏதோ ஒரு சென்டிமீட்டர் கணக்குலதான் வளரும், ஒரு நங்கூரம் விழுந்தா எத்தனை வருஷ வளர்ச்சி போகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. மணல்ல போட்டா போதுமே, எங்க பெரியவர் அப்படித்தான் செஞ்சாரு.

ஸ்னார்க்லிங் தனி காசு. மாஸ்க் வாடகைக்கு குடுக்குறாங்க, ரப்பர் பழசு, மூக்குல தண்ணி ஏறுது. சொந்த மாஸ்க் வச்சிருந்தா எடுத்துட்டு போங்க, மீசை வச்சவங்களுக்கு எப்படியும் கொஞ்சம் கசியும். ஆனா ஒரு தடவை தலைய உள்ள விட்டீங்கன்னா கண்ணாடி போட்டு எல்லாம் சும்மான்னு ஆகிடும். கண்ணாடி வழியா தெரியாத ஒரு விஷயம் எனக்கு அதுலதான் சிக்குச்சு, ஒரு கல்லு பக்கத்துல பெரிய களவா வாய தொறந்துட்டு அப்படியே நிக்குது, விரல் நீளத்துல நீலக்கோடு போட்ட குட்டி மீன் அதோட வாய்க்குள்ள போய் பல்லு இடுக்க சுத்தம் பண்ணிட்டு செவுள் வழியா வெளிய வருது. விழுங்கல! வாடிக்கையா நடக்குற வேலை அது, பின்னாடி இன்னொரு மீன் தன் முறைக்கு காத்துக்கிட்டு நிக்குது. பவளத்து மேல மட்டும் கால் ஊனாதீங்க, அதுக்கும் கேடு, உங்க காலும் கிழியும். சன்ஸ்கிரீன் அப்பிட்டு எறங்குறதுக்கு பதிலா முழுக்கை டீசர்ட் போட்டுக்கங்க.

அதே பக்கத்துல கொஞ்ச தள்ளி பாசி எடுக்குற அக்காங்க எறங்கியிருந்தாங்க, விரல்ல துணிய சுத்திக்கிட்டு, ஒரு சாதா கண்ணாடிய மாட்டிக்கிட்டு முங்கி முங்கி எழுந்தாங்க. என் ஸ்னார்க்கல் குழாய பாத்து ஒரு அக்கா சிரிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

எப்ப போகணும்னா, தென்கடல் பக்கம் ஜனவரில இருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் நல்லா இருக்கும். கச்சான் காத்து, அதாவது தென்மேற்கு காத்து எடுத்துச்சுன்னா கடல் கலங்கி போட்டே பல நாள் விடமாட்டாங்க, அந்த சமயத்துல வடகடல் பக்கம், அதாவது பாக் விரிகுடா பக்கம் அமைதியா கிடக்கும், பிரப்பன்வலசை பக்கம் போய் கடல்புல்லு பாக்கலாம், அது வேற அனுபவம், கலர் மீன் அவ்வளவா எதிர்பாக்காதீங்க. தீவுல எறக்கி விடுறேன்னு யாராவது தனியா காசு கேட்டா ஒத்துக்காதீங்க, வனத்துறை அனுமதி இல்லாம எறங்குனா கேஸு. கரைல சங்கு சிப்பியோட சேத்து பவளத்துண்டு விக்க வந்தாலும் வாங்காதீங்க, 2001ல இருந்து பவளம், வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல புலி, யானை இருக்குற அதே முதல் அட்டவணைல இருக்கு, செக்போஸ்ட்ல மாட்டுனா பதில் சொல்ல முடியாது.

எங்களுக்கு தலைக்கு 300 ரூபா ஆச்சு, ஸ்னார்க்லிங் தனி. பாத்ரூம் சுமார், டிரெஸ் மாத்த ஓலைத்தட்டி மறைப்பு ஒண்ணு இருக்கு அவ்வளவுதான், லேடீஸ் கூட போனா அதுக்கு ஏத்த மாதிரி ரெடியா போங்க. ஜிபே வேலை செய்யுது ஆனா சிக்னல் வந்தாதான், அதனால கையில காசு வச்சுக்கங்க. மொத நாள் சாயங்காலமே போன் போட்டு "நாளைக்கு தண்ணி எப்படி கிடக்கு"ன்னு கேளுங்க, "வாங்க சார் சூப்பரா இருக்கு"ன்னு ஆபீஸ் ஆளு சொல்றத நம்பாம போட்டு ஓட்டுற ஆளுகிட்ட குடுக்க சொல்லி கேளுங்க, அவரு கலங்கல்னு சொன்னா பேசாம இன்னொரு நாள் பாத்துக்கலாம்.