ஈயம் தேடும் கையடக்கக் கருவி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம், தாமிரம், துத்தநாகம் ஆகிய நான்கையும் அளக்கும் கையடக்க மின்வேதிக் கருவி ஒன்று, ராணிப்பேட்டைக்கு அருகே நான் பாடம் நடத்தும் கல்லூரியின் வேதியியல் துறைக்கு வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. ஒரு நல்ல இருசக்கர வண்டியின் விலையை விடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கப்பட்ட இந்தக் கருவியை விடுதிக் குழாய்கள், தெருப் போர்வெல்கள், ஆர்.ஓ. இயந்திரங்கள், கேன் தண்ணீர் என்று பலவற்றிலும் மாணவர்களோடு சேர்ந்து பயன்படுத்திப் பார்த்தேன். இதே முறையில் இயங்கும் கருவிகள் சந்தையில் பல இருப்பதால், கீழே சொல்லும் குறைகளும் நிறைகளும் பெரும்பாலும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறந்தால் முதலில் ஏமாற்றமே வரும். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி, விரல் அகலத்தில் பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்புகள், தண்ணீரின் அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பஃபர் கரைசல் ஒரு பாட்டில், அளவு தெரிந்த ஈயக் கரைசல் ஒரு சிறு குப்பி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க ஒரு குட்டி மோட்டார், அவ்வளவுதான். ஸ்ட்ரிப்பைப் பார்த்ததும் சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர் நினைவுக்கு வரும், உறவும் நெருங்கியதே. அதன் நுனியில் அச்சடிக்கப்பட்ட மூன்று மின்முனைகளில் நடுவில் இருக்கும் கரி வட்டத்தின் மேல் பிஸ்மத் உலோகம் மெல்லிய படலமாகப் படிகிறது; அளவீடு முழுவதும் அந்தப் படலத்தின் மேல்தான் நடக்கிறது. ஒரு காலத்தில் இந்த வேலையைப் பாதரசம் செய்தது. பிராக் நகரில் வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் சொட்டும் பாதரச மின்முனையைக் கொண்டு தொடங்கிவைத்த துறை இது. அவருக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் ஜோசப் வாங் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் பாதரசத்துக்குப் பதிலாகப் பிஸ்மத் படலம் போதும் என்று காட்டினார்கள். நச்சு உலோகத்தைத் தேடுவதற்காக இன்னொரு நச்சு உலோகத்தை மாணவர் கையில் கொடுக்க வேண்டிய நிலை அதனால் நீங்கியது.

வேலை செய்யும் விதம் உண்டியலைப் போன்றது. ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் முக்கி, ஏறத்தாழ −1.2 வோல்ட் கொடுத்து மூன்று நான்கு நிமிடங்கள் கலக்கிக்கொண்டே இருந்தால், தண்ணீரில் அயனிகளாக அலையும் உலோகங்கள் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பிஸ்மத் படலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகின்றன. பிறகு கலக்குவதை நிறுத்திவிட்டு மின்னழுத்தத்தை நேர்த்திசையில் ஏற்றிக்கொண்டே போனால், சேர்ந்த உலோகங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் படலத்தை விட்டு வெளியேறுகின்றன: முதலில் துத்தநாகம், −0.8 வோல்ட் அருகே காட்மியம், −0.5 அருகே ஈயம், கடைசியில் தாமிரம். வெளியேறும்போது பாயும் மின்னோட்டம் திரையில் ஒரு முகடாக எழுகிறது. முகடு இருக்கும் இடம் எந்த உலோகம் என்பதையும், அதன் உயரம் எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. அரை மணி நேரம் சேர்த்த காசை ஒரே மூச்சில் எண்ணுவதைப் போல, நிமிடக்கணக்கில் சேர்ந்ததைச் சில நொடிகளில் எண்ணிவிடுவதால்தான், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் உள்ள உலோகம்கூட இந்தச் சிறிய பெட்டிக்குப் புலப்படுகிறது.

இந்த நுட்பம் ஏன் தேவை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் டிடிஎஸ் மீட்டரைக் கையில் வைத்திருப்பவர்கள். எங்கள் தெருவில் ஆர்.ஓ. இயந்திரம் விற்க வந்த இளைஞர், "சார், டிடிஎஸ் 300க்குள்ள இருந்தா எந்த பயமும் இல்ல" என்றார். அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்துத் திறனை அளந்து, அதிலிருந்து மொத்த உப்பின் அளவைக் கணித்துச் சொல்கிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கும் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம். ஈயத்தின் வரம்போ 0.01 மில்லிகிராம், அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. காட்மியத்தின் வரம்பு அதைவிடக் குறைவு, 0.003 மில்லிகிராம். மூட்டை நெல்லை எடைபோடும் தராசில் ஒரு நெல்மணி கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதைப் போன்றதுதான் டிடிஎஸ் மீட்டரில் ஈயத்தைத் தேடுவது.

கருவியை நான் நம்பத் தொடங்கியதும், அதன் முதல் எண்ணை நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டதும் ஒரே நாளில். எங்கள் பழைய விடுதியில் பித்தளைக் குழாய்கள் இருக்கின்றன. வார்ப்புப் பித்தளையைக் கடைவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அதில் சிறிதளவு ஈயம் கலப்பது வழக்கம். இரவு முழுவதும் குழாய்க்குள் தேங்கும் தண்ணீரில் அது மெல்லக் கரையும். அதனால் காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் முதல் கால் லிட்டரைப் பிடித்துவைத்துக்கொண்டு, மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டபின் இன்னொரு கால் லிட்டர் பிடித்தோம். கைப்பேசிச் செயலியில் 'விரைவு முறை' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால், நிறுவனம் முன்கூட்டியே பதிந்துவைத்த அளவுகோலை வைத்து ஐந்து நிமிடத்தில் எண் வந்துவிடுகிறது. முதல் நீருக்கு வந்த எண் 9, அதாவது லிட்டருக்கு 9 மைக்ரோகிராம். வரம்பு 10 என்பதால் செயலி பச்சை நிறத்தில் சிரித்தது.

அதே நீரைச் சேர்ப்பு முறையிலும் பார்த்தோம். இந்த முறையில் முதலில் மாதிரியின் முகட்டை அளக்க வேண்டும்; பிறகு அளவு தெரிந்த ஈயக் கரைசலில் ஒரு துளியை, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்படி, அதே தண்ணீரில் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். முதல் முகடு 2.1 மைக்ரோஆம்பியர்; துளி விட்டபின் 3.6. பத்து மைக்ரோகிராமுக்கு 1.5 உயர்வு என்றால், 2.1க்கு உரியது 14. விரைவு முறையின் அளவுகோல் தூய நீரில் போடப்பட்டது. எங்கள் ஊர்க் கடின நீரில் அதே அளவு ஈயம் அதைவிடக் குட்டையான முகட்டைத்தான் தருகிறது. அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிய மறுபாதியில் 13 என்று முடிவு வந்தது. மூன்று நிமிடம் ஓடவிட்ட நீரில் இரண்டு முறைகளிலும் 3க்குக் கீழேயே இருந்தது. விடுதிக் காப்பாளர் அன்று மாலையே சமையலறைக் குழாய்களை மாற்றச் சொன்னார். சேர்ப்பு முறைக்கு மூன்று மாதிரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும், விளம்பரத்தில் சொல்லப்படும் 'ஐந்து நிமிடம்' எங்கள் ஊர்த் தண்ணீருக்குப் பொருந்தாது என்பதையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

செயலியின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்: அது எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, முகடுகள் தெரியும் வளைகோட்டை மூன்றாவது திரையில் ஒளித்துவைக்கிறது. பார்க்க வேண்டியது வளைகோட்டைத்தான். முகடு நெட்டையாக, இருபுறமும் சீராக இறங்குகிறதா, பக்கத்தில் தோள்போல ஒன்று புடைத்திருக்கிறதா, அடிக்கோடு சாய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்காமல் எண்ணை எழுதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சொம்பு எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

பக்கத்து வீட்டு அம்மா தன் மாமியார் காலத்து ஈயச் சொம்பைக் கொண்டுவந்து, "இதுல ரசம் வைக்கலாமா, கலப்படம் இருக்குமான்னு பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டார். தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைச் சுமக்கிறது. ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில், அஞ்ச வேண்டியது காரீயத்தை. வெள்ளீயத்தில் மலிவான காரீயத்தைக் கலந்திருக்கிறார்களா என்பதே அவருடைய கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சொம்பில் ஊற்றி ஓரிரவு வைத்து, மறுநாள் அந்த நீரை அளந்தோம். செயலி ஈயம் 60 என்று சிவப்பில் கத்தியது. மாணவி ஒருத்தி வளைகோட்டைத் திறந்து பார்த்து, "சார், முகடு ரொம்ப அகலமா இருக்கு" என்றாள். வெள்ளீயமும் காரீயமும் படலத்தை விட்டு வெளியேறும் மின்னழுத்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டும் சேர்ந்தால் கருவி ஒரே முகடாகப் பார்த்துவிட்டு முழுவதையும் காரீயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. அந்த 60இல் காரீயம் எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு என்று இந்தப் பெட்டியால் சொல்ல முடியாது. காரீயமே இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்தக் கரைசலின் மீதியை உலோகங்களைத் தனித்தனியாக இனங்கண்டு அளக்கும் ஐ.சி.பி. கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை ரசத்தை எவர்சில்வரில் வைக்கச் சொன்னேன். தயாரிப்பாளரின் கையேட்டில் வெள்ளீயம் என்ற சொல்லே இல்லை.

கையேட்டில் இல்லாத இன்னும் சிலவற்றையும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மாதிரியைக் கெடாமல் வைக்க நைட்ரிக் அமிலம் விடுவது ஆய்வக வழக்கம். அப்படி அமிலம் விட்ட பாட்டிலிலிருந்து நேராக எடுத்து அளந்தபோது, பஃபரால் அந்த அமிலத்தைச் சமாளிக்க முடியாமல், மின்முனை நுனியில் ஹைட்ரஜன் குமிழ்கள் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு முகடுகளையே சிதைத்துவிட்டன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்தது. பி.எச். 4.5க்கு அருகே கொண்டுவந்தபின் எல்லாம் சரியானது. இன்னொரு நாள் வெறும் நீரிலேயே ஈயம் 4 என்று வந்தது. தேடிப் பார்த்தால் அன்று அவசரத்துக்குப் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கியிருந்தோம். ஈயப் பலகைகளுக்கு நடுவே ஊற்றுவதற்காகப் பேட்டரிக் கடையில் வைத்து விற்கும் தண்ணீரில் ஈயத்தைத் தேடினால் கிடைக்காமல் என்ன செய்யும். உப்பு மிகுந்த போர்வெல் நீரில் முகடுகள் இடம் நகர்வதையும் பார்த்தோம். மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த வெள்ளி ஒப்பீட்டு மின்முனை, ஸ்ட்ரிப்பில் அச்சிடப்பட்டது, குளோரைடின் அளவை நம்பி இருக்கிறது; குளோரைடு பத்து மடங்கு ஏறினால் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகர்கிறது, அந்த நகர்வில் செயலி குழம்பிவிடுகிறது. ஏரி நீர், சாக்கடை கலந்த நீர் போன்றவற்றில் இலைதழை மக்கி வரும் கரிமப் பொருள்கள் உலோகத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால், அமிலம் விட்டு அந்தப் பொருள்களைச் சிதைக்காமல் அளந்தால் உண்மையை விடக் குறைவாகவே காட்டும்.

இந்தப் பகுதி மக்கள் கேட்கும் முதல் கேள்விக்கு இந்தக் கருவியிடம் பதில் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் ஊர்களில் கேட்பது ஈயத்தைப் பற்றி அல்ல, குரோமியத்தைப் பற்றி. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலுக்கு அருகே வசிப்பவர்கள் பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டும்போது, ஈயம் இல்லை, காட்மியம் இல்லை என்று வரும் பச்சை நிறம் அவர்களைத் தவறாக ஆறுதல்படுத்திவிடும். பிஸ்மத் படலத்தில் ஈயத்தைப் போல் குரோமியம் சேர்ந்து வெளியேறுவதில்லை; அதற்கு வேறு முறையும் வேறு வேதிப்பொருள்களும் வேண்டும். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு நாங்கள் டைஃபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளை விட்டு ஊதாச் சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்க்கும் பழைய முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம், செலவும் மிகக் குறைவு. ஆர்செனிக்கும் பாதரசமும் வேண்டுமென்றால் தங்க மின்முனை வாங்க வேண்டும். அதைத் தனியாக விற்கிறார்கள், நான் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

செலவைப் பொறுத்தவரை கருவியை விட ஸ்ட்ரிப்புகள்தான் கையைக் கடிக்கும். ஒரு ஸ்ட்ரிப்பை நான்கைந்து அளவீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று விற்பனையாளர் சொன்னார். எங்கள் அனுபவத்தில் மூன்றாவது அளவீட்டிலிருந்தே முகடு தளரத் தொடங்குகிறது. ஒரு தொகுப்பு காலாவதிக்கு இரண்டு மாதங்களே இருக்கையில் வந்து சேர்ந்தது, மாற்றித் தரக் கேட்ட மின்னஞ்சலுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் பதில் வந்தது. கருவியின் பேட்டரியும் ப்ளூடூத் இணைப்பும் இதுவரை தொந்தரவு தரவில்லை.

வேதியியல் தெரிந்த ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளும் கல்லூரி, பெரிய பள்ளி, ஊராட்சிக்கு உதவும் தன்னார்வக் குழு ஆகியோருக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எந்தக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும், எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இதைவிடக் கைக்கு அடக்கமான வழி எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் பழைய பித்தளைக் குழாயை மாற்றிவிட்டு, காலையில் முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். வாங்கியே தீருவது என்றால் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வளைகோட்டைக் கோப்பாக எடுக்க முடியுமா, சேர்ப்பு முறை செயலியில் இருக்கிறதா, ஸ்ட்ரிப் பையின் மேல் அச்சிட்ட காலாவதி மாதம் எது.